இருட்டைக் காக்கும் ஊர்

சென்ற மாதம் ஈப்போ பாசாரில் ஒரு தாயார் என்னை நிறுத்தினார். முப்பது ஆண்டு பால்மரம் வெட்டியவர். தோட்டம் கைமாறிய பிறகு தாமான் வீட்டில் மகனோடு இருக்கிறார். "வாத்தியாரய்யா, ராத்திரியில நட்சத்திரத்தைப் படம் பிடிக்கணும், காமிரா வேணும்னு பேரன் ஒத்தக் கால்ல நிக்கிறான். நாலாயிரம் வெள்ளியாம். வானத்து வெள்ளியப் பாக்க இத்தனை வெள்ளியா?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். நட்சத்திரத்தைப் படம் பிடிக்க முதலில் வேண்டியது காமிரா அன்று, இருட்டு. அது எந்தக் கடையிலும் கிடைக்காது. அந்த இருட்டைச் சொத்தாக நினைத்துக் காத்துவரும் ஓர் ஊர் இருக்கிறது. அதன் கதையைக் கேளுங்கள்.

இந்தியாவின் வடகோடியில் லடாக் இருக்கிறது. அங்கே சீன எல்லையை ஒட்டியுள்ள சிற்றூர்தான் ஹன்லே. பாலைவனம் என்றதும் சுடுமணலும் ஒட்டகமும்தானே நம் கண்முன் வரும்? இது குளிர்ப் பாலைவனம். மழை மேகங்களை இமயமலை தடுத்துவிடுவதால் காற்றில் ஈரம் இல்லை. ஊருக்குப் பக்கத்துக் குன்றின் மேல் 4,500 மீட்டர் உயரத்தில் வானாய்வுக் கூடம் அமைத்திருக்கிறார்கள். நம் நாட்டின் கினபாலு சிகரமே 4,095 மீட்டர்தான் என்றால் அந்த உயரத்தை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள 2 மீட்டர் தொலைநோக்கி 2000ஆம் ஆண்டில் முதன்முதலாக வானத்தைப் பார்த்தது. அதன் பெயரில் ஒரு தமிழர் இருக்கிறார். 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாக அதற்குச் சந்திரா என்று பெயர் வைத்தார்கள். 1930இல், பத்தொன்பது வயதில், சென்னையில் படிப்பை முடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியவர் அவர். நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிய தம் புகழ்பெற்ற கணக்கை அந்தக் கப்பல் பயணத்திலேயே போட்டார்.

2022 டிசம்பரில் ஹன்லேயைச் சுற்றி 1,073 சதுர கிலோமீட்டர் நிலத்தை இருண்ட வானக் காப்பகமாக அறிவித்தார்கள். காட்டுக்கும் விலங்குக்கும் காப்பகம் கேட்டிருக்கிறோம். இருட்டுக்குக் காப்பகம் நமக்குப் புதிது. அங்கே வீட்டு சன்னல்களுக்குக் கனத்த திரை போடுகிறார்கள். வெளி விளக்குக்கு மூடி போட்டு வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புகிறார்கள். இரவில் வரும் வண்டிகள் முன்விளக்கைத் தாழ்த்த வேண்டும். இத்தனையும் தொலைநோக்கிக்காக மட்டும்தான் என்றால் ஊரார் எத்தனை நாள் பொறுப்பார்கள்? அந்தப் பகுதி மக்கள் ஆடு மேய்த்துப் பிழைத்தவர்கள். அவர்களில் ஆணும் பெண்ணுமாக இருபதுக்கு மேற்பட்டவர்களுக்கு வானத்தைப் பற்றிப் பயிற்சி கொடுத்து, ஆளுக்கொரு தொலைநோக்கியும் கொடுத்தார்கள். வருகிற விருந்தினருக்கு அவர்கள் சனிக் கோளின் வளையத்தைக் காட்டுகிறார்கள். வீட்டில் தங்க இடமும் சோறும் தந்து நாலு காசு பார்க்கிறார்கள். 2023 முதல் வானத்தைப் படம் பிடிப்போர் பல ஊர்களிலிருந்து வந்து அங்கே கூடுகிறார்கள். இருட்டு அங்கே அடுப்பெரிய வைக்கிறது. நான் ஹன்லேயை மெச்சுவது முக்கியமாக இதற்காகத்தான்.

அங்கே கூடாரம் போட்டுத் தங்குவது விளையாட்டல்ல. லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கு இரண்டு மூன்று நாள் ஓய்வெடுத்து உடம்பைப் பழக்காமல் மேலே ஏறினால் தலைவலியும் வாந்தியும் வரும். சிலருக்கு உயிருக்கே ஆபத்தாகும். எல்லைப் பகுதியாதலால் தனி அனுமதியும் வேண்டும். நம் கடப்பிதழோடு போக நினைப்பவர்கள் பயணச்சீட்டு எடுக்குமுன் விசாரித்துக்கொள்ளுங்கள். பனிக்காலத்து இரவில் குளிர் சுழியத்துக்குக் கீழே இருபது பாகைக்கும் இறங்கும். அந்தக் குளிரில் காமிராவின் பேட்டரி சீக்கிரம் சோர்ந்துவிடும். அனுபவப்பட்டவர்கள் மாற்றுப் பேட்டரியைச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்திருப்பார்கள். கூடாரத்துக்குள் சிவப்பு விளக்கு மட்டும்தான். வெள்ளை விளக்கை ஒரு முறை பார்த்தாலும் கண் மறுபடி இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும்.

அங்கு எடுக்கும் படங்கள் அந்தப் பாட்டுக்கெல்லாம் ஈடாகத்தான் இருக்கின்றன. 2024 மே மாதம் சூரியனில் எழுந்த பெரும் புயலால், துருவப் பகுதிகளில் தெரியும் செவ்வொளி ஹன்லே வானத்திலும் படமாயிற்று. வானாய்வுக் கூடத்தின் பொறியாளர் டோர்ஜே அங்சுக் 2025 தொடக்கத்தில் ஒரு முழு நாளைத் தொடர்ந்து படமெடுத்து வெளியிட்டார். அதில் நட்சத்திரங்கள் அசையாமல் நிற்கின்றன. மலையும் நிலமும்தான் உருள்கின்றன. பூமி சுற்றுகிறது என்று நான் வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் படத்தைப் போட்டுக் காட்டிய அன்றுதான் என் பிள்ளைகள் முழுதாக நம்பினார்கள்.

இனி நம் பக்கம் வருவோம். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும் என்பது தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பெரட்டுக்குக் கிளம்பும்போது விடிவெள்ளியைப் பார்த்து நேரம் சொன்ன கூட்டம் நம்முடையது. கார்த்திகை மீனையும் ஏழு ரிஷிகளையும் எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார் காட்டுவார்கள். இன்று என் வகுப்பில் பால்வீதி எது என்று கேட்டால் புத்தகத்தில் உள்ள படத்தைக் காட்டுகிறார்கள். வானத்தில் பார்த்தவர் ஒருவரும் இல்லை. தாமானைச் சுற்றித் தெருவிளக்கு, தொழிற்சாலை விளக்கு, கடை விளம்பரம். நம் காற்றில் ஈரம் அதிகம். மேலே போகும் வெளிச்சம் அந்த ஈரத்தில் சிதறி வானத்தையே சாம்பலாக்கிவிடுகிறது.

விளக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மண்ணெண்ணெய் விளக்கில் கண்ணைக் கெடுத்துக்கொண்டு படித்த லயத்து நாட்களை எவரும் திரும்பக் கேட்கமாட்டார்கள். பெண்பிள்ளைகள் இரவு வேலை முடிந்து திரும்பும் பாதையில் விளக்கு இருந்தே ஆகவேண்டும். ஆனால் அது பாதையில் அல்லவா விழவேண்டும்? பாதி வெளிச்சம் வானத்துக்குப் போனால் அதற்கும் சேர்த்துத்தானே மின்கட்டணம் கட்டுகிறோம்? ஹன்லேயில் செய்ததுபோல் விளக்குக்கு ஒரு மூடி போடுவது பெரிய செலவில்லை. நம் கோயில் திடலிலும் பள்ளித் திடலிலும் இதைத் தொடங்கலாம்.

அந்தப் பேரனுக்கு இப்போதைக்குக் கைப்பேசியே போதும். அதில் இரவுப் பட வசதி இருந்தால், செங்கல்மேல் சாய்த்து வைத்து, கை படாமல் எடுக்க மூன்று விநாடித் தாமதம் கொடுக்கட்டும். முக்காலி இருந்தால் இன்னும் நல்லது. பின்னால் பழைய காமிரா ஒன்று கிடைத்தால், அகலக் கோண லென்ஸைப் போட்டு, துவாரத்தை முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓ 1600 அல்லது 3200 வைத்து, பதினைந்து இருபது விநாடி ஒளியை வாங்கட்டும். அதற்கு மேல் போனால் பூமி சுற்றுவதால் நட்சத்திரம் புள்ளியாக விழாது, கோடாக இழுபடும். காமிரா தானாகக் கூர்மை பிடிக்க விடக்கூடாது. பிரகாசமான ஒரு மீனைப் பார்த்துக் கையால் திருப்பிச் சரிசெய்ய வேண்டும்.

எங்கே போவது? செம்பனைக் காட்டு ஓரமாக உறவினர் வீடு இருந்தால் அதுவே போதும். கொஞ்சம் செலவழிக்க முடிந்தவர்கள் கிரிக்கைத் தாண்டித் தெமெங்கோர் ஏரியில் படகு வீட்டில் ஓர் இரவு தங்கலாம். அதற்கு வடக்கே 2007இல் மாநிலப் பூங்காவான ரோயல் பெலும் காடு இருக்கிறது. உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். விடியற்காலையில் மூடுபனி இறங்கிவிடும். ஆகையால் முன்னிரவையே நம்புங்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஹன்லேயில் எத்தனை விலை உயர்ந்த காமிரா வைத்திருந்தாலும் தென்சிலுவையைப் படம் பிடிக்க முடியாது. அந்த ஊர் அத்தனை வடக்கே இருப்பதால் அது அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. நாம் பூமத்தியரேகைக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். மே மாத நடுவில், நிலவில்லாத ஓர் இரவு பத்து மணிக்கு வெளியே வாருங்கள். தெற்கே முகம் திருப்பினால் நாலு மீன்கள் சிலுவையாக நிற்கும். அப்படியே வடக்கே திரும்பினால் ஏழு ரிஷிகள் நிற்பார்கள். பாட்டி வீட்டில் இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். எது எங்கே என்று அவரே காட்டுவார்.