குறி ஏன் திரும்புகிறது?

கேரளத்தில், கரமனையில் உள்ள என் வீட்டில் சாயங்காலம் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். பாதிப் பேரின் பெற்றோர் சாலைக் கடைத்தெருவில் வேலை செய்பவர்கள். பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள். ‘அந்தப் பக்கம் கொண்டுபோனால் குறி மாறும்’ என்பது எல்லோருக்கும் மனப்பாடம். ஏன் மாறும் என்று கேட்டால் பதில் வருவதில்லை.

தம்பானூரில் ஆட்டோ ஏறுவதையே கணக்காகக் கொடுப்பேன். 2022 மே மாதம் அமலான கட்டணத்தில் முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு 30 ரூபாய், அதன்பின் கிலோமீட்டருக்கு 15 ரூபாய். தூரத்தை ‘த’ என்று வைத்தால் கட்டணம் 30 + 15(த − 1.5). மீட்டரில் 75 ரூபாய் காட்டுகிறது. எவ்வளவு தூரம் வந்தோம்? இரண்டு பக்கமும் 30-ஐக் கழி, இரண்டு பக்கமும் 15-ஆல் வகு, இரண்டு பக்கமும் 1.5-ஐக் கூட்டு. விடை நாலரை கிலோமீட்டர். இங்கே எதுவும் எங்கும் ‘போகவில்லை’. இரு பக்கத்துக்கும் ஒரே செயலைச் செய்தோம், அவ்வளவுதான்.

கேள்வியைக் கொஞ்சம் மாற்றுவோம். கையில் 75 ரூபாய்தான் இருக்கிறது, எவ்வளவு தூரம் போகலாம்? நாலரை கிலோமீட்டருக்குள் எந்தத் தூரமும் சரி. சாமானியர் தினமும் போடும் கணக்கு இந்த இரண்டாவது வகைதான். மின்வாரிய பில்லும் அப்படியே: மாத உபயோகம் 250 யூனிட்டைத் தாண்டாதவரை படிப்படியான கட்டணம், தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே ஒரே வீதம். ஆனால் அசமன்பாடு எனப்படும் இந்த வகைக்கென்று தனி அத்தியாயம் பதினோராம் வகுப்பில்தான் வருகிறது. பிளஸ் ஒன்னில் கணக்கை எடுக்காத பிள்ளைக்கு அது கிடைக்காமலே போகிறது. இது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

மனப்பாட விதி உடைவதும் இங்கேதான். 200 ரூபாய் இருக்கிறது, நாளுக்கு 30 செலவு, கடைசியில் 50-ஆவது மிஞ்ச வேண்டும். நாட்களை ‘ந’ என்றால் 200 − 30ந ≥ 50. இரு பக்கமும் 200-ஐக் கழித்தால் −30ந ≥ −150. இனி −30-ஆல் வகுக்க வேண்டும். ≥ குறியைத் திருப்பாமல் விட்டால் ‘ஐந்து நாளோ அதற்கு மேலோ’ என்று விடை வரும். ஆறாம் நாள் முடிவில் மிஞ்சுவது 20 ரூபாய் என்று எந்தப் பிள்ளையும் சொல்லிவிடும். குறை எண்ணால் பெருக்கினாலும் வகுத்தாலும் வரிசை தலைகீழாகும்: 2 ரூபாய் வைத்திருப்பவரைவிட 5 ரூபாய் வைத்திருப்பவர் மேல், கடன் என்று வந்தால் 5 ரூபாய் கடன்காரர்தான் கீழ். காரணம் தெரிந்த பிள்ளைக்குக் குறி தவறாது.

காரணத்தோடு கணக்குச் சொல்வது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. 1530-ஐ ஒட்டி ஜ்யேஷ்டதேவர் எழுதிய ‘யுக்திபாஷா’, சங்கமகிராம மாதவன் வழிவந்த கணிதத்தை நிரூபணங்களோடு மலையாள உரைநடையிலேயே விளக்கியது. அப்படிப்பட்ட ஊரில் எட்டாம் வகுப்பு இயற்கணிதம் சூத்திர வாய்ப்பாடாகச் சுருங்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

2024–25 கல்வியாண்டில் கேரள அரசு எட்டாம் வகுப்பு எழுத்துத் தேர்வில் பாடத்துக்கு 30 சதவீதம் கட்டாயம் என்றது; எடுக்காதவர்களுக்குத் தனிப் பயிற்சியும் மறுதேர்வும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் குறுகிய நாட்களில் நடக்கும் அந்தப் பயிற்சி குறுக்குவழியைத் திணிப்பதாக ஆகிவிடக் கூடாது. பாடப்புத்தகங்களைத் தயாரிக்கும் எஸ்.சி.இ.ஆர்.டி. எட்டாம் வகுப்பிலேயே சமன்பாட்டோடு அசமன்பாட்டையும் சேர்க்கட்டும், தமிழ்வழிப் புத்தகம் உட்பட. கிடைத்த விடையைத் திரும்பப் போட்டுச் சரிபார்க்கும் வரிக்குக் கேள்வித்தாளில் தனி மதிப்பெண்ணும் கொடுக்கட்டும்.