புதுக் கம்ப்யூட்டர் கேட்கும் கேள்விகள்!

வீட்டுக்குப் புதிய கம்ப்யூட்டர் வருகிறது. பெட்டியைப் பிரிக்கிறார்கள். பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள். பொத்தானை அமுக்கியதும் திரையில் வெளிச்சம் வருகிறது.

உடனே வேலை தொடங்குமா? தொடங்காது!

முதலில் ஒரு வணக்கம். பிறகு ஒரு கேள்வி. அதன் பிறகு இன்னொரு கேள்வி. "நீங்கள் இருக்கும் இடத்தை அறிந்து கொள்ளலாமா?" "உங்களுக்கு ஏற்ற விளம்பரம் காட்டலாமா?" என்று அது கேட்டுக் கொண்டே போகும்.

பலர் இவற்றைப் படிப்பது இல்லை. "சரி, சரி" என்று தட்டி விடுகிறார்கள். அந்தச் "சரி"யில்தான் விஷயம் இருக்கிறது.

இப்போது ஏன் இந்தப் பேச்சு?

'விண்டோஸ் 10' என்பது மைக்ரோசாப்ட் கம்பெனியின் இயக்க முறை. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்தது. அடுத்து வந்த 'விண்டோஸ் 11' பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஏறாது. ஆகவே பலர் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. வாங்கிய ஒவ்வொருவரும் இந்தக் கேள்விகளைச் சந்திக்க வேண்டும்.

வரவேற்பா? வியாபாரமா?

கேள்விகள் மூன்று வகை.

மொழி எது, நாடு எது, பாஸ்வேர்டு என்ன? இவை அவசியம். இவை இல்லாமல் வேலை நடக்காது.

இரண்டாவது வகை, வியாபாரம். "இந்தச் சந்தாவில் சேருங்கள்", "அந்த விளையாட்டை வாங்குங்கள்" என்பவை இவை. இன்று வேண்டாம் என்றாலும் பிறகு திரும்பி வரும். "3 நாள் கழித்து நினைவூட்டு" என்ற பொத்தானோடு வந்ததும் உண்டு!

மூன்றாவது வகை, உரிமை பற்றியது. உங்களைப் பற்றிய விவரங்களைக் கம்பெனி எடுத்துக் கொள்ளலாமா, கூடாதா என்ற கேள்வி இது.

பிரான்சு கொடுத்த நோட்டீஸ்

இந்த மூன்றாவது கேள்வி சும்மா வரவில்லை.

விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 ஜூலையில். ஒரே ஆண்டில், 2016-ல், பிரான்சு நாட்டின் தகவல் பாதுகாப்பு ஆணையம் மைக்ரோசாப்டுக்கு நோட்டீஸ் கொடுத்தது. "தேவைக்கு மேல் விவரம் சேகரிக்கிறீர்கள். விளம்பரத்துக்கான அடையாள எண்ணை, ஜனங்களின் சம்மதம் கேட்காமலே இயக்கி வைத்திருக்கிறீர்கள்" என்பது குற்றச்சாட்டு.

கம்பெனி மாற்றங்கள் செய்தது. 2017-ல், தேர்ந்தெடுக்கும் வசதியோடு புதிய பக்கம் வந்தது. அந்த ஆண்டு ஜூனில் ஆணையம் விவகாரத்தை முடித்துக் கொண்டது.

ஆகவே, தொல்லை என்று நினைக்கும் கேள்விகளில் ஒன்று, போராடிப் பெற்ற உரிமை! அதைப் படிக்காமல் தட்டினால் நஷ்டம் நமக்கே.

இந்தியாவிலும் விதி உண்டு. இணைய வியாபாரத்தில் நடக்கும் 13 வகைத் தந்திரங்களைத் தடுக்க, 2023 நவம்பர் 30-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விதிமுறை வெளியிட்டது. ஓயாமல் நச்சரிப்பதும் அந்தப் பதின்மூன்றில் ஒன்று.

நிறுத்துவது எப்படி?

விண்டோஸ் 11-ல் 'செட்டிங்ஸ்' திறக்க வேண்டும். அதில் 'சிஸ்டம்', அதற்குள் 'நோட்டிபிகேஷன்ஸ்'. அந்தப் பக்கத்தின் அடியில் 'அடிஷனல் செட்டிங்ஸ்' இருக்கும். அங்கே மூன்று கட்டங்கள். வரவேற்பு, யோசனை, குறிப்பு மூன்றுக்கும் உள்ள அடையாளத்தை எடுத்து விட்டால் நச்சரிப்பு பெரும்பாலும் அடங்கும். விளம்பர எண்ணை 'பிரைவசி' பகுதியில் நிறுத்தலாம்.

பள்ளியிலும் ஆபீசிலும் ஐம்பது, நூறு கம்ப்யூட்டர்கள் இருக்கும். அங்கே நிர்வாகி இந்தக் கேள்விகளில் பலவற்றை மறைத்து விட முடியும். நேரம் மிச்சம்தான். ஆனால் கேள்வி மறைந்தால் பதில் மறைவதில்லை. மாணவருக்காக, ஊழியருக்காக வேறொருவர் பதில் சொல்லி விடுகிறார். "வேண்டாம்" என்று சொல்லி வைத்தாரா, "சரி" என்று விட்டு விட்டாரா? அதை நிர்வாகி கவனிக்க வேண்டும்.

வீட்டில் அந்தச் சிரமம் இல்லை. விளம்பரத்தைத் தள்ளி விடலாம். விவரம் கேட்கும் பக்கத்தை மட்டும் தள்ளக் கூடாது. படிக்கத் தெரிந்த பிள்ளை அதை உரக்க வாசிக்கட்டும். வீட்டில் எல்லோரும் கேட்கட்டும். பிறகு பெரியவர்கள் முடிவு சொல்லட்டும். ஐந்து நிமிடம் போதும்!