கல் உடைக்கும் ஆலைகள்: உரிமம் இருக்கிறது, தண்ணீர் எங்கே?

வன்னியில் கல் உடைக்கும் ஆலைகளைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் ஒரே கேள்வியில் நின்றுவிடுகிறது. உரிமம் இருக்கிறதா, இல்லையா? 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டத்தின் கீழ் அகழ்வு உரிமமும், மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமமும் இருந்தால் விவகாரம் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்கிறார்கள். வேலிக்குள்ளே எந்த இயந்திரம் ஓடுகிறது, அதை எப்படி ஓட்டுகிறார்கள் என்று கேட்பவர் குறைவு. தூசியைச் சுவாசிப்பவர்களுக்கு அதுதான் முக்கியம் என்பது என் கருத்து.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல். வீதிக்கும் கொங்கிறீற்றுக்கும் வேண்டிய கருங்கல்லுக்கு வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம்தான் வரவேண்டும். போருக்குப் பிறகு போட்ட வீதிகளும் கட்டிய வீடுகளும் அந்தக் கல்லைத் தின்றவைதான். ஆகவே ஆலையே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் கருங்கல்லில் குவார்ட்ஸ் இருக்கிறது. அது உடையும்போது வரும் சிலிக்காத் தூசியில் ஆபத்தான பகுதி கண்ணுக்கே தெரியாது. நுரையீரலின் அடிவரை போய்ப் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும். அதைக் குணப்படுத்த மருந்தில்லை. சர்வதேச புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1997இலேயே இந்தத் தூசியைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்திவிட்டது.

இயந்திரத்தின் தெரிவு இங்கேதான் முக்கியமாகிறது. தாடை போல இரண்டு இரும்புத் தகடுகளுக்கிடையில் கல்லை நெரிக்கும் கிறஷர், கல்லை ஒரு தடவையில் நாலில் ஒன்று, ஆறில் ஒன்று அளவுக்குத்தான் சிறிதாக்கும். பெரிய கல்லை முக்கால் அங்குலச் சல்லியாக்க இரண்டாவது இயந்திரம் வேண்டும். அந்தச் செலவை மிச்சம்பிடிக்க வாயை ஒடுக்கி ஒரே இயந்திரத்தில் நெரித்தால் தூள் கூடும், தகடும் சீக்கிரம் தேயும். வேகமாகச் சுழன்று கல்லை அடித்து உடைக்கும் வகை, சல்லியை நல்ல வடிவில் தரும். தூளையும் அதிகம் தரும். ஆற்றுமணலுக்கு மாற்றாகக் கல்மணல் கேட்கிறோமே, அதற்கு இன்னும் நுணுக்கமாக அரைக்கவேண்டும். ஆற்றைக் காப்பாற்றுகிற அந்த யோசனையின் தூசி யாருடைய முற்றத்தில் விழும் என்பதையும் சேர்த்தே பேசவேண்டும்.

தூசியை அடக்கும் வழி புதினமானதல்ல. கிறஷரின் வாயிலும், பட்டி கல்லைக் கொட்டும் இடங்களிலும் நுண்ணிய தண்ணீர்த்தூவல், சல்லடைக்கு மூடி. கனதியாகத் தண்ணீர் அடித்தால் சல்லடை அடைத்துக்கொள்ளும் என்று குழாயைப் பூட்டிவிடுகிறார்கள். கோடையில் தண்ணீரே இல்லை என்பது இன்னொரு சாட்டு. குழாய் பொருத்தியிருப்பது வேறு, அது ஓடுவது வேறு.

வாய்க்குள் அடங்காத பாறை வந்து சிக்கினால் அலவாங்கோடு மேலே ஏறுபவர் நாட்கூலித் தொழிலாளி. பெரிய பாறையைத் திரும்பவும் வெடி வைத்து உடைப்பதற்குப் பதிலாக பெக்கோவில் பொருத்தும் உடைப்பானைப் பாவித்தால் அந்த ஆபத்தும் குறையும், வெடிச்சத்தமும் குறையும். 2009ஐக் கடந்து வந்த கிராமத்தில், முன்னறிவிப்பில்லாத ஒரு வெடி என்ன செய்யும் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

சுற்றாடல் உரிமம் காலத்துக்குக் காலம் புதுப்பிக்கப்படுகிறது. கிராம அபிவிருத்திச் சங்கங்கள் அந்த நேரத்தில் எழுத்தில் கேட்கவேண்டியவை இவைதான்: எத்தனை இயந்திரம், எந்த வகை, தண்ணீர் எந்தக் கிணற்றிலிருந்து, வெடி எத்தனை மணிக்கு, வேலை செய்பவர்களுக்குக் கடைசியாக நெஞ்சுப் படம் எடுத்தது எப்போது.