பைனாகுலர் வாங்க ‘எத்தனை மடங்கு?’ என்று கேட்டால் போதுமா?

2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியிலிருந்து எண்ணெயும் சேர்ந்து ஓடியது. சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷனின் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து அது வெளியேறியதாகத் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர் முகத்துவாரம் வரை பரவிய எண்ணெய், மீனவர்களின் வலையையும் படகையும் பாழாக்கியது. கூழைக்கடாக்களின் இறகிலும் அப்பிக்கொண்டது.

அப்படிப்பட்ட பறவையைக் காப்பாற்ற, முதலில் கூட்டத்தில் அது எது என்று தெரிய வேண்டும். பறக்கத் தெம்பு இருக்கும்வரை அது ஆளைக் கிட்ட விடாது. கரையில் நின்று பைனாகுலரில் தேட வேண்டியதுதான். ஆனால் கடையிலும் ஆன்லைனிலும் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: “எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும்?” கேட்க வேண்டிய இன்னொரு கேள்வி, எவ்வளவு அகலம் தெரியும் என்பது. இதைத்தான் பார்வைப் புலம் என்கிறார்கள்.

ஒலிம்பஸ் நிறுவனத்தின் பிரபலமான இரண்டு மாடல்களைப் பார்ப்போம். 8 × 40 மாடலின் பார்வைப் புலம் 8.2 டிகிரி, 10 × 50 மாடலுடையது 6.5 டிகிரி. ஒரு டிகிரி என்பது 1000 மீட்டர் தூரத்தில் சுமார் 17.5 மீட்டர் அகலம். ஆக முதலாவதில் 143 மீட்டர், இரண்டாவதில் 114 மீட்டர். வித்தியாசம் சின்னதாகத்தான் தெரிகிறது. ஆனால் தெரிவது வட்டம் என்பதால் பரப்பளவைக் கணக்குப் போட வேண்டும். எட்டு மடங்கில் தெரியும் தண்ணீர், பத்து மடங்கில் தெரிவதைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல்!

கடையில் இந்த வித்தியாசம் பிடிபடாது. 8.2-ஐ எட்டாலும், 6.5-ஐப் பத்தாலும் பெருக்கிப் பாருங்கள்: இரண்டுமே சுமார் 65. கண்ணுக்குத் தெரியும் வட்டத்தின் அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்த வட்டத்துக்குள் அடங்கும் உலகம்தான் சுருங்கிவிடுகிறது.

துப்பாக்கியில் பொருத்தும் ஸ்கோப்பில் இது இன்னும் அப்பட்டம். சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். கண்ணை லென்ஸிலிருந்து ஏறக்குறைய 9 சென்டிமீட்டர் தள்ளித்தான் வைக்க முடியும். அந்த இடைவெளிக்கான விலை, அகலம். பத்து மடங்கு ஸ்கோப்பில் 100 மீட்டரில் தெரிவது ஏறக்குறைய 4 மீட்டர்தான். அதே தூரத்தில், அதே பத்து மடங்கு பைனாகுலரில் 11 மீட்டருக்கும் மேல் தெரியும். இலக்கு எது என்று முன்பே தெரிந்தவருக்கான கருவி அது, தேடுகிறவருக்கு ஆகாது.

விளம்பரங்களில் சில தந்திரங்களும் உண்டு. ‘1000 கெஜத்துக்கு 430 அடி’ என்று போட்டிருந்தால் மிரள வேண்டாம். மூன்றால் வகுத்தால் 1000 மீட்டருக்கான மீட்டர் கணக்கு வந்துவிடும். இது அதே 143 மீட்டர்தான். ஜூம் வசதி உள்ளவற்றில் பெரும்பாலும் மிகக் குறைந்த மடங்கில் கிடைக்கும் அகலத்தைத்தான் பெரிதாகப் போடுவார்கள். முன் லென்ஸ் பெரிதாக இருந்தால் அகலமாகத் தெரியும் என்பதும் தப்பு. முன் லென்ஸ் கூட்டுவது வெளிச்சத்தை. அகலம் பெரும்பாலும் கண்பக்க லென்ஸின் வேலை. கண்ணாடி அணிபவர்கள், கண்ணுக்கும் லென்ஸுக்கும் 15 மில்லிமீட்டராவது இடைவெளி தரும் மாடலாகப் பார்த்து வாங்கணும். இல்லாவிட்டால் காசு கொடுத்த அகலத்தில் பாதி ஓரத்திலேயே போய்விடும்.

பத்து மடங்கு வீண் என்று சொல்லிவிட முடியாது. சேற்றுத் திட்டில் மேயும் உள்ளான்களில் எது எந்த வகை என்று பிரித்தறிய அதுதான் உதவும். ஆனால் கை நடுக்கமும் சேர்ந்தே பத்து மடங்காகும். அதற்கு மேல் போனால் முக்காலி இல்லாமல் சரிப்படாது. முதல்முறை வாங்கி, ஞாயிறு காலையில் எண்ணூர் பக்கம் போகிறவருக்கு எட்டு மடங்கே சரி. இருநூறு மீட்டர் தள்ளி மிதக்கும் கூட்டத்தில் சுமார் 28 மீட்டர் அகலம் ஒரே பார்வையில் கிடைக்கும். அதில் கறுத்துப்போன ஒரு முதுகு கண்ணில் படாமல் போகாது.

வாங்குமுன் கடை வாசலுக்கு வந்து, பறக்கும் காக்கை ஒன்றைப் பிடித்துப் பார்க்கலாம். எட்டு மடங்கில் சட்டென்று சிக்கும் காக்கை, இருபது மடங்கில் வெறும் வானத்தைத்தான் காட்டும்.