பொமரேனியனுக்குக் குட்டியா, பொய்ச்சினையா?

கட்டிலடியில் பழைய துண்டை இழுத்துப் போட்டு, முன்னங்காலால் பறண்டிப் பறண்டிப் படுக்கை சேர்க்கிறது பொமரேனியன். காம்புகள் பருத்திருக்கின்றன, பால்கூடக் கசிகிறது. வீட்டில் குட்டிகளுக்குப் பெயர் தேடத் தொடங்கிவிடுகிறார்கள்.

ஆனால் அது சினையாகவே இல்லாமலும் இருக்கலாம்.

பருவத்துக்கு வந்து ஓரிரு மாதங்களில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இறங்கி, புரோலாக்டின் ஹார்மோன் ஏறும். அப்போது இணையே சேராத பெட்டைநாயும் இப்படி நடந்துகொள்ளும். இதுதான் பொய்ச்சினை. மருந்துக்கடையில் பெண்களுக்கு விற்கும் கர்ப்பப் பரிசோதனைக் கிட்டும் இங்கே உதவாது. அது தேடும் எச்.சி.ஜி. ஹார்மோன் நாய்க்குச் சுரப்பதில்லை. வயிற்றை அமுக்கிப் பார்ப்பதை வீட்டார் விட்டுவிட வேண்டும். பழகாத கை கருவுக்கே கேடு செய்யலாம்.

இணை சேர்ந்து சுமார் ஒரு மாதத்தில் கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்தால், திரையில் குட்டியின் இதயம் துடிப்பது தெரியும். ஏறத்தாழ அதே சமயத்தில் ரிலாக்சின் ஹார்மோனைத் தேடும் ரத்தப் பரிசோதனையும் சினையா இல்லையா என்று சொல்லிவிடும். 55 நாளுக்குப் பிறகு எடுக்கும் எக்ஸ்ரேயில் குட்டிகளின் மண்டையோடுகளை எண்ணலாம்.

சிவாவா, பொமரேனியன் போன்ற சிறு இனங்களுக்கு இந்த எண்ணிக்கை மிக அவசியம். ஒற்றைக் குட்டி பெரிதாக வளர்ந்து, குறுகிய இடுப்பில் தலை சிக்கிக்கொள்ளலாம். அரைமணி நேரம் விடாமல் முக்கியும் குட்டி வரவில்லையென்றால் உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். சினைக்காலம் சுமார் 63 நாள். இணை சேர்ந்த தேதியைக் காலண்டரில் அன்றே வட்டமிட்டு வைப்பது நல்லது.