புள்ளி வைத்த எழுத்து

போன இதழில் பால்கனித் தொட்டியில் வெந்தயக்கீரை போட்டதைப் பற்றி எழுதியிருந்தேன். "கீரை இருக்கட்டும், லண்டனில் வேறு என்னதான் செய்கிறீர்கள்?" என்று சிநேகிதிகள் இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். சொல்லிவிடுகிறேன். நாற்பத்து நாலு வயதில் ஒன்றாம் கிளாஸுக்கும் கீழே போய் உட்கார்ந்திருக்கிறேன்!

இங்கே நாலு வயது முடிந்த குழந்தைகளுக்கு 'ரிசப்ஷன்' என்று ஒரு வகுப்பு. அங்கே ஆசிரியைக்குக் கூடமாட உதவ 'டீச்சிங் அசிஸ்டென்ட்' ஒருத்தர் இருப்பார். அந்த வேலைக்குத்தான் செப்டம்பரிலிருந்து பயிற்சி எடுக்கிறேன். வாரத்தில் ஒரு நாள் காலேஜ், இரண்டு நாள் பள்ளிக்கூடம். சம்பளம் கிடையாது. குற்றப் பின்னணி எதுவும் இல்லை என்று டி.பி.எஸ். சான்று வந்த பிறகுதான் உள்ளேயே விட்டார்கள். குழந்தை ஏதாவது ரகசியம் சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்கக் கூடாதாம். பாதுகாப்புக்கென்று பள்ளியில் இருக்கும் பொறுப்பாளரிடம் சொல்லிவிட வேண்டும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி இது.

கும்பகோணத்தில் பிளஸ் டூ முடித்ததோடு என் படிப்பு சரி. கடைக்குப் போனால் பேசுகிற அளவு இங்கிலீஷ் உண்டு. ஆனால் கடை வேறு, வகுப்பு வேறு இல்லையா? முதல் இரண்டு வாரமும் பென்சில் சீவினேன், பெயின்ட் பிரஷ் கழுவினேன். கழுவின பிரஷ்ஷையே மறுபடி கழுவினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். தொட்டிப் பக்கம் நின்றால் யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்களே!

மூன்றாவது வாரம் மாட்டிக்கொண்டேன். ஆசிரியை கதை படித்துக்கொண்டிருந்தபோது யாரோ கூப்பிட்டார்கள். "ஒரு பக்கம் படியுங்கள், இதோ வந்துவிடுகிறேன்" என்று புத்தகத்தை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். ஓநாய்க் கதை. 'வுல்ஃப்' என்று வாயைத் திறந்தேன். நமக்கு இருப்பது ஒரே 'வ'. அவர்களுக்கோ 'வி'க்கு ஒன்று, 'டபிள்யூ'வுக்கு ஒன்று. நான் பல்லை உதட்டில் வைத்துச் சொல்லிவிட்டேன் போல. ஒரு வாண்டு கையைத் தூக்கி, "மிஸ், நீங்க தப்பாச் சொல்றீங்க" என்றது. எல்லாக் குழந்தைகளும் என்னை மாதிரியே சொல்லிச் சொல்லிச் சிரித்தன. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, நாலு வயசு. ஆனால் எனக்குக் காது மடல் வரை சுட்டது.

அன்று ராத்திரி, "இது எனக்கு வேண்டாம், விட்டுடறேன்" என்றேன். இவர், "உன் இஷ்டம்" என்று டி.வி. பக்கம் திரும்பிவிட்டார். "போ, பார்த்துக்கலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபத்திலேயேதான் அடுத்த வாரமும் போனேனோ என்னவோ!

அந்த வாரம் பள்ளி விட்ட பிறகு பயிற்சிக்காரர்களுக்கு 'ஃபோனிக்ஸ்' பாடம். எழுத்தின் பெயரைச் சொல்லாமல் ஒலியைச் சொல்லிப் படிக்க வைக்கிற முறை. இங்கிலாந்தில் 2012 முதல் அடுத்த வகுப்புக் குழந்தைகளுக்கு இதில் ஒரு சோதனையே உண்டு. நாற்பது வார்த்தை, அதில் பாதி, அர்த்தமே இல்லாத பொய் வார்த்தை! மனப்பாடம் செய்து தப்பிக்க முடியாது, கூட்டித்தான் படிக்க வேண்டும்.

ஆசிரியை 'பி' எழுத்தைக் காட்டி ஒலியைச் சொல்லச் சொன்னார். இங்கேயே பிறந்து வளர்ந்த மற்ற இரண்டு பெண்களும் "ப" என்றார்கள். "வால் இருக்கிறது, வாலை வெட்டுங்கள்" என்றார் ஆசிரியை. மறுபடியும் "ப". எனக்கா, ஒன்றாம் கிளாஸ் டீச்சர் கரும்பலகையில் 'ப' எழுதி, தலையில் நச்சென்று புள்ளி வைத்தது கண் முன்னால் வந்தது. உதட்டுக்குள்ளேயே "ப்" என்றேன்.

"யார் சொன்னது? இன்னொரு தடவை சொல்லுங்கள்!" என்றார்.

நான்தான். ப், ட், ஸ், ன் எல்லாம் வரிசையாகச் சொன்னேன். எங்கள் பாஷையில் இதற்கென்று தனி எழுத்தே உண்டு என்று புள்ளி வைத்துக் காட்டினேன். எழுதிக்கொண்டார்!

வீட்டில் சின்னக் குழந்தைக்கு இங்கிலீஷ் சொல்லித் தருபவர்கள் செய்து பாருங்கள். ப-இ-ன என்றால் குழந்தை 'பஇன' என்று திணறும். ப்-இ-ன் என்று சொல்லுங்கள், 'பின்' தானாக வந்து விழும். ஸ், ம், ன் மூன்றையும் இழுத்துச் சொல்லலாம். ப், ட், க் மட்டும் இழுபடாது. வெடுக்கென்று சொல்லி நிறுத்த வேண்டும்.

அதற்குப் பிறகு மணல் தட்டில் எழுதும் குழந்தைகளோடு என்னை உட்கார வைத்தார்கள். அதில் ஒரு ருமேனியப் பெண் குழந்தை வாயே திறக்காது. புது பாஷைக்கு நடுவே வந்து விழுந்த குழந்தை சில மாதம் கேட்டுக்கொண்டே இருக்கும், நெருக்கக் கூடாது என்று காலேஜில் சொல்லியிருந்தார்கள். நானும் இந்த ஊருக்கு வந்த புதிதில் கடையில் விரலால் காட்டியே சாமான் வாங்கினவள்தான். பேசச் சொல்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, மணலில் பாம்பு மாதிரி எழுதி "ஸ்ஸ்ஸ்" என்பேன். நவம்பரில் ஒரு நாள் அதுவே விரலை வைத்து, பாம்பு எழுதி, என் முகத்தைப் பார்த்து, "ஸ்ஸ்ஸ்" என்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. குழந்தை எழுந்து விளையாடப் போய்விட்டது.

அடுத்த வாரம் முதல் ஆறு குழந்தைகளை என்னிடம் தனியாக விடப்போகிறார்கள். பாடம் என்ன தெரியுமா? 'வி'யும் 'டபிள்யூ'வும்! அந்த வாண்டும் அந்த ஆறில் உண்டு. ஒன்றுக்கு மேல்பல் கீழ் உதட்டைத் தொட வேண்டும். மற்றதற்கு உதட்டைக் குவிக்க வேண்டும், பல் படவே கூடாது. பெண் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, மறுபடியும் பல்லு பட்டுடுத்து" என்கிறாள். வத்தக்குழம்பை இறக்கிவிட்டு இன்னும் பத்து தடவை சொல்ல வேண்டும்.