முன்பனிக் காலத்து ஓட்டமும் வராத ஊக்கமும்

சென்ற வாரம் ஆய்வு மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "இந்தக் குளிரில் விடியுமுன் எழுந்து ஓட உங்களுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது?" பெரும்பாலான நாள்களில் வருவதே இல்லை என்றேன். அவர் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். அது வெறும் உண்மை. அதை இங்குச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

எங்கள் கோரமண்டல், கோலார் தங்கவயலின் ஒரு பகுதி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் உள்ளது. மார்கழியில் போர்வையை விலக்குவதே ஒரு போராட்டம். ஆனால் அதே வேளையில் எங்கள் தெருவில் பலர் குளித்து முடித்து, சோற்றுப் பையுடன் இரயில் நிலையம் நோக்கி நடந்துகொண்டிருப்பார்கள். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்ட பின் பெங்களூரை நம்பி வாழும் ஊர் இது. அவர்களிடம் எவரும் ஊக்கத்தைப் பற்றிக் கேட்பதில்லை. வண்டிக்கு ஒரு நேரம் உண்டு. நடைமேடையில் தெரிந்த முகங்கள் காத்திருக்கும். பிழைப்பு அவர்களை எழுப்புகிறது என்பது மெய்யே. எனினும் குறித்த நேரமும் துணையும் அந்த எழுச்சியை எளிதாக்குகின்றன. விருப்பத்திற்காக ஓடும் என்னைப் போன்றோர் அவர்களிடம் கற்க வேண்டியது இதுவே.

குளிர் உடலுக்குப் பகையன்று. காலோவே, மோன் ஆகிய இருவர் 1997இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றோர் 4, 11, 21, 31 டிகிரி செல்சியஸ் ஆகிய வெப்பநிலைகளில் களைக்கும்வரை நிலைமிதிவண்டியை மிதித்தனர். 11 டிகிரியில்தான் அவர்கள் மிக நீண்ட நேரம் தாக்குப்பிடித்தனர். ஆகவே நம்மைத் தடுப்பது போர்வைக்கும் வாசலுக்கும் இடைப்பட்ட தொலைவும் முதல் பத்து நிமிடங்களும் மட்டுமே. காலணியை இரவே வாசலில் வைத்துவிடுகிறேன். தோழி ஒருத்தி தெருமுனையில் நிற்பாள். பத்து நிமிடம் மெல்ல ஓடிய பின்னும் மனம் ஒப்பவில்லையெனில் திரும்பலாம் என்பது எங்கள் ஒப்பந்தம். திரும்பிய நாள்கள் மிகச் சில.

இலண்டனில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரிடம் நடத்திய ஆய்வின்படி, ஒரு செயல் பழக்கமாக ஊன்றச் சராசரியாக 66 நாள்கள் ஆயின. சிலருக்கு 18, சிலருக்கு 254 என்று மதிப்பிட்டனர். இடையே ஒரு நாள் தவறியது பெரிய கேடு செய்யவில்லை. மார்கழியும் தையும் சேர்ந்த முன்பனிக் காலம் ஏறத்தாழ 59 நாள். கார்த்திகை இறுதியில் தொடங்குபவருக்குப் பனி விலகும் வேளையில் பழக்கமும் வாய்த்திருக்கலாம்.

'வழக்கம்' என்னும் சொல் 'வழங்கு' என்னும் வினையடியினின்று பிறந்தது. இன்று 'கொடு' என்ற பொருளிலேயே மிகுதியும் அறியப்படும் அவ்வினைக்கு 'இயங்குதல், நடமாடுதல்' என்னும் பழம்பொருளும் உண்டு. பலர் நாவில் இயங்கும் சொல்லே வழக்காகிறது. ஒருவர் மட்டும் பேசி ஒரு மொழியைக் காக்க முடியாது. ஓட்டமும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதனால்தான் ஊக்கத்தைத் தனிமனிதக் குணமாக மட்டும் பேசும் அறிவுரைகள் எனக்கு உவப்பதில்லை. விளக்கெரியாத சாலையில் தனியே ஓட அஞ்சும் பெண்ணுக்குக் குறைவது மனவுறுதி அன்று, வெளிச்சம். சயனைடு மேடுகளின் தூசு பறக்கும் பாதையைத் தவிர்ப்பவர் சோம்பேறியும் அல்லர். தோழி வராத நாள்களில் நானும் இருள் விலகும்வரை வீட்டிலேயே இருக்கிறேன். அதற்காக என்னை நான் கடிந்துகொள்வதில்லை.

ஆய்வேட்டின் அத்தியாயத்தை எழுத ஊக்கம் வரட்டும் என்று காத்திருக்கும் நண்பர்களுக்கும் இதையே சொல்வேன்: நேரத்தைக் குறியுங்கள், துணையொன்றைத் தேடுங்கள், பத்து நிமிடம் தொடங்கிப் பாருங்கள். உங்கள் ஊரில் விடியற்காலையில் ஓட உங்களைத் தடுப்பது உண்மையில் குளிர்தானா? எழுதுங்கள், அறிய விரும்புகிறேன்.